மொக்கு காத்திருக்காது, ஐயா

தோட்டக்கலைக் கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பந்தலில் நடந்தது உங்களுக்கே தெரியும். நான் ஒரு கூடை மல்லிகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். கொல்லையில் பன்னிரண்டு மல்லிகைச் செடி நிற்கிறது. கார்த்திகைக் கடைசியில் முழ உயரம் விட்டு, மேலே இருக்கும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழு உரம் வைத்து, துளிர்த்த பிறகு மொக்குப் புழு விழுந்திருக்கிறதா என்று நானும் என் மாமியாரும் கிளை கிளையாகத் திருப்பிப் பார்த்து வளர்த்தோம். 'மலராத மொக்கு, கால் கிலோ, காலை 7 மணிக்குள்' என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தீர்கள். சரி, மல்லிக்கு அதுதான் முறை. மூன்று மணிக்கு எழுந்து டார்ச் வெளிச்சத்தில் பறித்தோம். அன்று சாயங்காலம் மலர வேண்டிய மொக்கை மட்டும், காம்பு முறியாமல். ஈரத்துணி சுற்றி, வாழை இலையில் பொதிந்து, முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆறே முக்காலுக்குக் கூடை மேசைக்குப் போனது. நடுவர்கள் வந்தது மாலை மூன்றரைக்கு. சிறப்பு விருந்தினர் வராமல் மதிப்பிடக் கூடாதாம். தகரக் கூரைக்குக் கீழே, பங்குனி வெயிலில், துணியை ஒருமுறை நனைத்துவிடுகிறேன் என்று கேட்டேன். கயிற்றைத் தாண்டக் கூடாது என்றார்கள். நடுவர் கையில் எடுத்தபோது காம்பு துவண்டிருந்தது, பாதி மொக்கு வாய் விட்டிருந்தது. "விரிஞ்சுருச்சேம்மா" என்று சொல்லிக் கழித்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், விரிந்துதான் இருந்தது.

காலையில் வாங்கினால் காலையிலேயே மதிப்பிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இது. தடித்த இதழ், நீளக் காம்பு, மணம் என்று வாசலில் நீங்களே பேனர் கட்டியிருந்தீர்கள். மொக்கு விரிந்தால் விலை இறங்கிவிடும் என்பது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூக்கட்டும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் வெண்பூசணி கொண்டுவந்திருந்தார். தோல்மேல் தானாகப் பூத்திருக்கும் சாம்பல் கலையாமல் வைக்கோலில் படுக்கவைத்து, மாட்டுவண்டியில் கொண்டுவந்த காய். உங்கள் ஆட்கள் அதைத் தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, காயைத் தடவிக்கொண்டே நின்றார். இன்னொரு பக்கம், நர்சரியில் முந்தின நாள் வாங்கிய தொட்டிகள் வீட்டுத் தோட்டப் பிரிவில் மின்விசிறிக்குக் கீழே இருந்தன. வளர்த்தவர்கள் வெயிலில் நின்றோம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து 7 மணிக்கு வாங்குவதை 9 மணிக்குள் மதிப்பிட்டுவிடுங்கள். அப்புறம் திறப்பு விழாவை எந்நேரம் வேண்டுமானாலும் வையுங்கள், நாங்கள் இருந்து கைதட்டிவிட்டுத்தான் போவோம்.

வருகிற கார்த்திகையில் கண்காட்சிக்கென்று நாலு செடியைத் தனியாகக் கவாத்து பண்ணலாமா என்று மாமியார் கேட்கிறார். உங்கள் பதில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டப் பிரிவில் கலந்துகொண்ட ஒருத்தி