இருபது வருடக் கூத்துக்காரரை ‘அறிமுகம்’ என்று போடாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய பட நடிகர் பட்டியலில் ஆறு பேருக்கு நேரே ‘அறிமுகம்’ என்று இருக்கிறது. அதில் ஒருவர் இருபது வருடமாக வடமோடிக் கூத்து ஆடுகிறவர். திரைக்குத்தான் அவர் புதிது. யார் எங்கே பழகி வந்தவர் என்று தெரியாமல் கமராவைத் தூக்கினால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். ஆகவே கூத்துக்காரருக்கு ‘முன்பக்கம்’ என்று ஒன்று கிடையாது, கமராவைத் தேடமாட்டார். சிக்கல் குரலில். கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடிய தொண்டை அது. ஒத்திகையில் அடங்கிப் பேசுவார், டேக்கில் குரல் ஏறி ஒலிப்பதிவு வெடித்துவிடும். ஒத்திகையில் ஒலிப்பதிவு மீட்டரின் உச்சம் மைனஸ் 20 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள், ஏறுவதற்கு இடம் இருக்கும். சட்டம், அதாவது கூத்துப் பிரதி, கொடுத்த நாளிலிருந்து எழுத்துப் பிசகாமல் பாடமாக்குகிறவரிடம் “காட்சியைச் சொல்றன், நீங்களே பேசுங்கோ” என்றால் திகைத்துப்போவார். இரண்டு கிழமைக்கு முன்பே வசனத்தைக் கையில் கொடுங்கள்.

பள்ளித் தமிழ்மொழித் தினப் போட்டி மேடையில் வளர்ந்த பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. நடுவர் மேசை எப்போதும் எதிரே இருந்ததால், பக்கத்தில் நிற்பவரோடு பேசும்போதும் நெஞ்சு முன்னால் திரும்பும். சொல்லித் திருத்த முடியாது. கையில் ஒரு வேலை கொடுங்கள்: வெங்காயம் உரிக்கட்டும், சீலை மடிக்கட்டும். வானொலி நாடகக்காரருக்கு மூச்சிலேயே நடிப்பு இருக்கும், முகம் சும்மா கிடக்கும். கிட்டக் காட்சிக்கு அதுவே போதும்.

கடற்தொழிலாளரை நடிக்க வைக்க நினைத்தால் வலையின் கிழிசலைப் பொத்தும்போது பேசவிட்டுப் பாருங்கள். கை நிற்காமல் வசனம் வந்தால் எடுக்கலாம். கை நின்றால் வசனத்தைப் பாதியாக வெட்டுங்கள்; ஆளை மாற்றவேண்டியதில்லை. வெறும் மேலில் சட்டை மைக் நிற்காது, நீண்ட கோலில் பிடிக்கும் மைக்தான். டச்சுக்குடாக் கடற்கரைக் காற்றின் இரைச்சலைத் தடுக்க அதற்கு மயிருறையும் வேண்டும்.

நாட்கணக்குக்கும் இந்தப் பின்னணிதான் அடிப்படை. ஆசிரியர் நடிகர்களுக்குச் சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும்தான். வெளிச்சம் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு முழுநிலவை ஒட்டிய நாட்களில் தொழில் குறைவு. முழுநிலவு நாளான போயா இலங்கையில் அரச விடுமுறை. இரு தரப்பும் சேரும் காட்சியைப் போயாவுக்கு வைத்தால் யாருடைய சம்பளமும் உடையாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும், கடற்காட்சி வேண்டாம்.

எல்லாரும் மறக்கும் கேள்வி ஒன்று: கோயில் நேர்த்தி ஏதும் இருக்கிறதா? இடையில் மொட்டை போட்டாலோ ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி விட்டாலோ, தொடர்ச்சிக் காட்சிகள் போச்சு.

இனி திரைப்பட விழாவுக்கு அனுப்பும் நடிகர் குறிப்பு. ஆளுக்கு 60 முதல் 80 சொல்: தொழில், எங்கே பழகினார், செய்த நாடகங்கள் ஆண்டோடு, இந்தப் படத்தில் யார். இடப்பெயர்வையும் போரையும் அவர் கேட்டால் மட்டும் எழுதுங்கள். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகன் அந்தோனிதாசன் யேசுதாசன், அதற்கு வெகு முன்பே ஷோபாசக்தி என்ற பெயரில் தமிழ் வாசகர் அறிந்த நாவலாசிரியர். வெளிநாட்டுச் செய்திகள் பலவற்றில் முன்னாள் போராளி என்பதுதான் முன்னுக்கு நின்றது. அவரோடு நடித்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை மேடையிலிருந்து வந்தவர். அவரையும் வெறும் ‘புதுமுகம்’ என்று எழுதினால் அந்த மேடை வருடங்கள் எங்கே போகும்?

எழுதியதை அவரவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பெயரின் ஆங்கில எழுத்தை அவரே தன் கையால் எழுதித் தரட்டும். அடையாள அட்டையில் ஒன்று, கூத்து நோட்டீசில் இன்னொன்று இருக்கும். எது வேண்டும் என்பது அவர் விருப்பம். அதையே ஒலி, எடிட்டிங், சுவரொட்டி செய்பவர்கள் எல்லாருக்கும் ஒரே தாளில் அனுப்புங்கள். திருத்திய பட்டியலைப் பார்க்கக் காத்திருக்கிறோம்.