வேலணை அம்மம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, அயலவர்களே,

டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். இடியப்பம் வேண்டாம், தோசைதான் வேண்டும் என்று சண்டை பிடிக்கிறான்; அது போதும். நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அற்புதம் என்கிறார்கள். சித்திக்கு அது நல்லூர் முருகன் செய்தது. பாசையூர்ச் சிநேகிதிக்கு அந்தோனியாரின் புதுமை. நானும் சன்னதி முருகனுக்கு நேர்ந்தவள்தான். அன்னதானத்துக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையை இதே டெங்குக்குப் பறிகொடுத்தோம். அந்தத் தாயும் சன்னதிக்குத்தான் நேர்ந்தவர். அவருடைய காதில் விழ அற்புதம் என்ற சொல்லை என்னால் சொல்ல முடியாது.

டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தே தொடங்குகிறது. அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியலாம். கொடுக்கும் நீர் குறைந்தால் பிரஷர் விழும். கூடினால் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும். அதனால்தான் குடிப்பதையும் சலம் போவதையும் அளந்து எழுதச் சொல்கிறார்கள்.

நான் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு ஓடித் திரிந்த இரவில், கேளாமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மம்மா. பிஸ்கட் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் கோணல் எழுத்தில், 'ஜீவனி 100. இளநி 50. சலம் 80.' ஜீவனி என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனிப் பொடி. ஒவ்வொன்றுக்கும் நேரமும் எழுதியிருந்தார். முழங்கால் வருத்தத்தோடு ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய் வாட்டு மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். இரண்டு மணிக்கு எதிரே 'குடிக்கேல்லை, கத்தினவன்' என்று ஒரு வரி. விடிய வந்த டொக்டர் மட்டையை வாங்கிப் பார்த்துத்தான் சேலைன் அளவை மாற்றினார்.

நன்றி சொன்னதற்கு, "எனக்கு எப்பிடியும் நித்திரை வராது பிள்ளை, சும்மா இருந்து என்ன செய்யிறது?" என்றார்.

மணிக்கொரு தரம் வந்து பார்த்த தாதிமார், இரத்தம் கொடுக்க வந்து நின்ற தம்பிமார், காசு வாங்காத ஓட்டோ அண்ணா, இளநி பிடுங்கித் தந்த அயல் வீட்டார், மூத்தவளைப் பார்த்துக்கொண்ட மச்சாள், எல்லோருக்கும் நன்றி.

அம்மம்மா, பேரன் சுகமாகி வீடு வந்ததும் அறிவியுங்கள், வேலணைக்கு வருகிறோம். ஒழுங்கைக்காரருக்கு ஒன்று: ஞாயிறு காலை வளவு வளவாக வருவேன். சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றிலும் நிற்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். படலையைப் பூட்டிவிட்டு ஒளிக்காதீர்கள்.