அந்த நாற்காலியில் இருந்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சூப்பர்மேன் பற்றி வந்த கட்டுரை, ஒரு நடிகர் அந்த உடையில் முதன்முதலில் திரையில் தோன்றியது 1978-இல் என்கிறது. முழுதாக முப்பது வருடப் பிழை. 1948-லேயே கொலம்பியா நிறுவனம் 15 பாகத் தொடர்படமாக அதை எடுத்து, வாரத்துக்கு ஒரு பாகமாகத் தியேட்டர்களில் ஓடவிட்டது. பறக்கும் இடம் வந்தால் நடிகர் கிர்க் அலின் மறைவார், கார்ட்டூன் உருவம் பறக்கும். கையிருப்புக்கு அவ்வளவுதான் உயரம்!

அந்தக் காமிக்ஸைத் திரைக்குத் தழுவி அமைத்த இருவரில் ஒருவர் ஜார்ஜ் பிளிம்ப்டன். 1889-இல் புரூக்ளினில் பிறந்தவர். ஊமைப்பட நாளிலேயே எழுத வந்து, 200-க்கும் மேற்பட்ட படங்களில் பெயர் வந்தவர். பெரும்பாலும் மலிவுச் செலவில் எடுத்த கௌபாய் படங்கள், சாகசத் தொடர்கள். 1936-இல் வந்த ஃப்ளாஷ் கார்டன் என்ற விண்வெளிச் சாகசத் தொடரை எழுதிய நால்வரில் அவரும் உண்டு.

அக்காலத் தொடர்களைக் 'குழந்தைத்தனம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். பத்தொன்பது வருடம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதியவன் நான், எனக்குச் சுருக்கென்றது. கதாநாயகனோடு கார் பள்ளத்தில் விழும், அத்துடன் பாகம் முடியும். அடுத்த வாரம் பார்த்தால் அதற்கு முன்பே அவர் குதித்திருப்பார். போன வாரம் அந்தக் காட்சியே இருந்திருக்காது. ஏமாற்றுதான், மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கன்னத்தில் விழுந்த அறையைத் திங்கட்கிழமை கனவாக்கியவன் நான். எனக்கு மறுக்கும் தகுதியும் இல்லை.

இன்னொரு தந்திரமும் அவர்களிடம் இருந்தது. தொடர் பாதி ஓடியதும் பாத்திரங்கள் உட்கார்ந்து நடந்ததை நினைத்துப் பார்ப்பார்கள்; பழைய படச்சுருளிலேயே ஒரு பாகம் தேறிவிடும். ஒருமுறை கதாநாயகியின் கால்ஷீட் கிடைக்காமல் போனபோது, மாமியாரைப் பூஜை அறையில் உட்காரவைத்து எபிசோடு முழுக்கப் பழையதை நினைக்கவைத்தேன். புதிதாக எழுதியது பதினொரு வரி. அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் தந்தார்கள். அந்தப் பழைய காட்சிகளையும் எழுதியவன் நானே என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிளிம்ப்டனுக்குக் கிடைத்தது இதைவிடக் கடினமான வேலை. 1956-இல் 'பிளேஸிங் தி ஓவர்லேண்ட் டிரெயில்' என்ற தொடர். 1939-இல் எடுத்த வேறொரு தொடரின் துரத்தல்களையும் சண்டைகளையும் அதில் ஒட்டினார்கள். தூரக் காட்சியில் குதிரைமேல் போகும் பழைய நடிகரோடு பொருந்துவதற்காகப் புதியவருக்கும் அதே மாதிரி உடை. அதாவது, துரத்தல் பதினேழு வருடம் முன்பே முடிந்துவிட்டது. ஏன் துரத்தினார்கள் என்பதை இவர் இப்போது யோசித்து எழுத வேண்டும். அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் 'குழந்தைத்தனம்' என்ற சொல் வாயில் வராது.

அது வெளிவந்தபோது அவருக்கு வயது 66. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்துவிட்டிருந்தது. அமெரிக்கத் தியேட்டர்களுக்கென எடுக்கப்பட்ட கடைசித் தொடர்படம் அதுதான்.

திருத்தம் வெளியிடும்போது 1948 என்ற ஆண்டோடு பிளிம்ப்டன் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் பெயரை எடுத்துவிடலாம், எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வசனகர்த்தா,
சாலிகிராமம், சென்னை-93.