கோழிக்கு ஓமோன் ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை கிளிநொச்சிச் சந்தையில் ஒரு அம்மா, உரித்த கோழியின் நெஞ்சை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "இது ஓமோன் ஊசி போட்டது, பிள்ளைக்குக் குடுக்க மாட்டன்" என்று திரும்பிப் போனார். கோழி வளர்ச்சி ஓமோனை ஆய்வுகூடத்தில் செய்வது உண்மைதான். கோழியின் மரபணுவை ஈ.கோலை பக்டீரியாவுக்குள் வைத்து எடுக்கும், 191 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது, ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிச் சின்னக் குப்பிகளில் விற்கிறார்கள். ஆனால் புரதம் என்பதால், அதைத் தீவனத்தில் கலந்தால் குடலிலேயே செரித்துப்போகும். சரி, ஆயிரம் குஞ்சுக்கும் நாளாந்தம் ஊசி குத்த எந்தப் பண்ணைக்காரரால் முடியும்? ஆறு கிழமையில் வளர வைப்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனமும் நல்ல தீவனமும்தான். கடன்பட்டுக் கொட்டில் போட்ட எங்கள் வன்னிச் சனத்தின் பிழைப்பு இந்தக் கதையால் அடிபடுகிறது. கேட்பதென்றால், இறைச்சியில் மருந்து மிஞ்சாமல் இருக்க, அன்டிபயோட்டிக் கொடுத்து எத்தனை நாள் கழித்து விற்கிறீர்கள் என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள்.

வாசகர்,
பரந்தன்