அந்தக் கைப்பேசியை உங்களுக்குக் கொடுத்தது யார்?

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், இணைய இதழ்கள், காணொளி அலைவரிசைகள் ஆகியவற்றில் தொழில்நுட்பப் பகுதியைக் கவனித்துவரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கைப்பேசி இயங்குதளங்களைப் பற்றி வெளிவரும் செய்திகளும் மதிப்புரைகளும் ஒருபக்கம் சாய்ந்திருக்கின்றன என்று வாசகர்கள் குறை சொல்லும்போதெல்லாம், அந்தப் பேச்சு ஆப்பிள் கட்சிக்கும் ஆண்ட்ராய்டு கட்சிக்கும் நடக்கும் சண்டையாக மாறி அத்துடன் முடிந்துவிடுகிறது. எந்த நிருபர் எந்த நிறுவனத்தின் ரசிகர் என்று துருவுவதில் எனக்கு நாட்டமில்லை. ரசிகராக இருப்பது குற்றமும் ஆகாது. என் முறையீடு வேறு. நீங்கள் எழுதுவதற்கு வேண்டிய கருவியும் பயணச்சீட்டும் தகவலும் எங்கிருந்து வருகின்றனவோ, எழுப்ப வேண்டிய கேள்விகளும் அங்கிருந்தே வந்துவிடுகின்றன. கடையில் காசு கொடுத்து வாங்குகிறவரின் கேள்விகள் உங்கள் பக்கங்களில் இடம்பெறாமல் போவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

பழைய நிகழ்ச்சி ஒன்றை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 2012 செப்டம்பரில் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ மின்னணுக் கண்காட்சிக்கு இந்திய வலைப்பதிவர்கள் சிலரைச் சாம்சங் தன் செலவில் அழைத்துச் சென்றது. செய்தி எழுதச் செல்வதாக எண்ணியிருந்தவர்களிடம், நிறுவனத்தின் சீருடையை அணிந்து அரங்கில் நின்று பார்வையாளர்களுக்குக் கருவிகளை விளக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. மறுத்தபோது, திரும்பும் விமானச்சீட்டு இல்லாமல் போகும் என்று மிரட்டப்பட்டதாக அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். தவறான புரிதலால் நேர்ந்தது என்று சாம்சங் விளக்கம் அளித்தது. அவர்கள் ஊர் திரும்பப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து உதவியது நோக்கியா. உதவி உதவிதான் என்றாலும், அந்தச் சீட்டுக்கும் பணம் கட்டியது இன்னொரு கைப்பேசி நிறுவனம் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இது ஒரு நிறுவனத்தின் குணம் அன்று. 2014-இல் ஐபோன் 6 பிளஸ் கையழுத்தத்தில் வளைவதை ஜெர்மனியின் கம்ப்யூட்டர் பில்ட் இதழ் காணொளியாக வெளியிட்டபோது, இனிச் சோதனைக் கருவிகளும் நிகழ்ச்சி அழைப்புகளும் வாரா என்று ஆப்பிள் தரப்பில் சொல்லப்பட்டதாகக் கூறி, அவ்விதழின் ஆசிரியர் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக்குக்கே திறந்த மடல் எழுதினார். கூகுளும் விலக்கு இல்லை. 2022 நவம்பரில், பிக்சல் 4 கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்த்திராத வானொலி அறிவிப்பாளர்களைக் கொண்டு, தாங்களே பயன்படுத்திப் பாராட்டுவதுபோல் விளம்பரம் பேசவைத்த வழக்கில், கூகுளும் அமெரிக்க வானொலி நிறுவனமான ஐஹார்ட்மீடியாவும் சேர்ந்து 94 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 2024 ஆகஸ்டில், பிக்சல் கருவிகளை இலவசமாகப் பெறும் படைப்பாளர்கள் பிற நிறுவனக் கருவிகளுக்கு முன்னுரிமை தருவதாகத் தெரிந்தால் உறவு முறிக்கப்படும் என்ற நிபந்தனை வெளியே கசிந்து, கண்டனம் எழுந்த பிறகே அவ்வாசகத்தைக் கூகுள் நீக்கியது.

இவையெல்லாம் யாரோ ஒருவர் பணிய மறுத்ததால் வெளியே தெரிந்தவை. அன்றாடம் நடப்பது இவ்வளவு முரட்டுத்தனமானது இல்லை, அதனாலேயே கண்ணுக்குப் படுவதும் இல்லை. விற்பனை தொடங்குவதற்கு முன்பே கருவி கைக்கு வந்துவிட்டால் மதிப்புரையை முதல் நாளே வெளியிடலாம். பார்வைகள் முழுதும் அந்த முதல் நாளில்தான் குவிகின்றன. கடுமையாக எழுதினால் அடுத்த முறை கருவி வராது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, வராமல் போன ஒரு சகாவைப் பார்த்தாலே போதும். சில நாள் பழக்கத்தில் எழுதப்படும் அந்த மதிப்புரையில் ஒளிப்படக்கருவியைப் பற்றியும் திரையைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். இயங்குதளத்தைப் பற்றிச் சொல்வதற்கு மாதங்கள் வேண்டும், ஏனெனில் அதன் குணம் இரண்டாம் ஆண்டில்தான் தெரியத் தொடங்கும்.

பாதுகாப்புத் திருத்தங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை இயங்குதளப் புதுப்பிப்புகளைப் பெற்றது. 2023-இல் பிக்சல் 8-க்குக் கூகுளும், 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் ஏழாண்டு வாக்குறுதி அளித்தன. நம்மிடையே மிகுதியாக விற்கும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிகளுக்கு அவ்வளவு நீண்ட வாக்குறுதி அரிது. இந்தியாவில் பத்துக் கைப்பேசிகளில் ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி இந்த விலையில் வாங்குகிறவர்களுடையவை. அப்படியிருக்க, இக்கருவிக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும், பெட்டியைப் பிரித்ததும் எத்தனை செயலிகள் கேளாமலே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன, அறிவிப்புப் பட்டையில் விளம்பரம் வருகிறதா, அதை நிறுத்த முடியுமா என்பவை முதற்பத்தியில் இருக்க வேண்டியவை. பல மதிப்புரைகளில் அவை எந்தப் பத்தியிலும் இல்லை. தமிழில் பேசும் மதிப்புரையாளர்கூடத் தமிழ் விசைப்பலகையில் நான்கு வரி தட்டிப் பார்த்து, சொற்கணிப்பும் குரல்வழித் தட்டச்சும் எப்படி இருக்கின்றன என்று சொல்வதில்லை. எந்த நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலும் அது முதன்மைச் சிறப்பாக இடம்பெறுவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

'ஐபோன் வைத்திருப்போருக்கு மத்திய அரசு அவசர எச்சரிக்கை', 'ஆண்ட்ராய்டு பயனர்களே உஷார்' என்ற வகைத் தலைப்புகளும் இதே நோயின் இன்னோர் அறிகுறி. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இரண்டு இயங்குதளங்களுக்கும் இத்தகைய குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அது அதன் வழக்கமான பணி. பெரும்பாலான குறிப்புகள், நிறுவனம் திருத்தத்தை வெளியிட்ட பின் வருபவை. எனவே வாசகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கைப்பேசியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதோடு, பழைய ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றுக்குத் திருத்தம் வந்து சேரவே சேராது என்பதையும் சொன்னால் அது செய்தியாகும். அதைச் சொன்னால், கருவியை விற்ற நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டிவரும். அச்சமூட்டும் தலைப்பு யார் பெயரையும் கேட்பதில்லை.

பெரிய செய்திகளில் இந்தச் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு சந்தையில் தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்து நாள் கழித்துப் பிளே ஸ்டோர் கட்டணமுறைக்காக இன்னொரு 936.44 கோடி. நான் படித்தவரை, தமிழில் இச்செய்தி தொகையோடு நின்றுவிட்டது. அபராதத்தைவிட முக்கியமானவை அவ்வுத்தரவின் நடைமுறைக் கட்டளைகள்: பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலிக்கொத்து முழுவதையும் நிறுவியாக வேண்டும் என்று கைப்பேசித் தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, முதன்முறை கைப்பேசியை இயக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்பன போன்றவை. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்த பின், இந்தியாவுக்கென மாற்றங்களைக் கூகுள் அந்த மாதமே அறிவித்தது. மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது. நம் சட்டைப்பையில் இருக்கும் கருவியில் இதனால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிய தமிழ்க் கட்டுரைக்காக இன்னும் காத்திருக்கிறேன். அதே காலத்தில் ஐபோன் 14 புரோவின் திரையிலிருந்த 'டைனமிக் ஐலண்ட்' எத்தனை வடிவங்களில் விரியும் என்பதை எங்கு திரும்பினாலும் படிக்க முடிந்தது.

இரு நிறுவனங்களையும் எதிரெதிர்ப் படைகளாகக் காட்டும் வழக்கமும் உண்மையை மறைக்கிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் 2022-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது, அமெரிக்க அரசு தொடுத்த தேடல் ஏகபோக வழக்கில் வெளிவந்தது. நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கூகுளுக்கு எதிராக அளித்த தீர்ப்பில் இத்தகைய ஒப்பந்தங்களே மையம். தனியுரிமைக்கு ஆப்பிள், திறந்த தன்மைக்கு ஆண்ட்ராய்டு என்று விளம்பர வாசகத்தையே முடிவுரையாக எழுதும் ஒப்பீடுகளில் இந்தப் பணம் எங்கே இருக்கிறது?

ஒரே அளவுகோல் இல்லாததையும் குறிப்பிட வேண்டும். பழைய மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது பெரிதாக எழுதப்பட்டது, சரிதான். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், புதுப்பிப்புகளால் பழைய கருவிகளை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், கேலக்ஸி நோட் 4 தொடர்பில் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஆப்பிளின் கதை இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. சாம்சங்கின் அபராதத்தைக் கேள்விப்பட்டவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. மறுபுறம், முகப்புத் திரையில் விட்ஜெட் எனும் சிறு தகவல் பெட்டிகளை வைக்கும் வசதி 2020-இல் ஐஓஎஸ் 14-இல் வந்தபோது, ஆண்ட்ராய்டில் பத்தாண்டுக்கும் மேலாக இருந்த அது புதுமையாக வரவேற்கப்பட்டது.

கைப்பேசி என்றால் இவ்விரண்டும்தான் என்ற எண்ணமும் இப்படி வந்ததே. 2017-இல் அறிமுகமான ஜியோபோன் கைஓஎஸ் என்ற மூன்றாவது இயங்குதளத்தில் ஓடியது, கோடிக்கணக்கானோர் வாங்கினார்கள். அவர்களுக்காக அதைத் தொடர்ந்து சோதித்து எழுதிய பகுதி எதுவும் என் நினைவில் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அன்று. 2021-இல் விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐயும், 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும், பொருளோ பணமோ பயணமோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டன. காணொளியின் கீழே, விரித்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் அதை ஒளிக்காமல், மதிப்புரையின் தொடக்கத்திலேயே கருவி கடனா, இலவசமா, சொந்தப் பணமா என்றும், எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்றும், வெளிநாட்டு நிகழ்ச்சி என்றால் பயணச் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். ஆண்டுக்குச் சில கருவிகளையாவது நம்மூர்க் கடையில் விலைக்கு வாங்கி, ஓராண்டு கழித்து இரண்டாம் மதிப்புரை வெளியிடுங்கள். அதில் வந்த திருத்தங்களையும் வராத திருத்தங்களையும் நாள்வாரியாகக் குறிப்பிடுங்கள். சிறு அலைவரிசை நடத்துவோருக்குக் கருவி வாங்குவது பாரம் என்பதை அறிவேன். வாசகர்களிடம் ஓராண்டு பழகிய கைப்பேசிகள் ஏராளமாக இருக்கின்றன. கேட்டால் நாங்கள் கொடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிக்கும் வாசகன்