நம்பகமான சாட்சி இருந்தா ஏலியன் வந்துருச்சுன்னு ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பறக்கும் தட்டு பத்தி வந்த கட்டுரைல, 1964ல அமெரிக்காவோட சொகோரோ ஊர்ல நடந்ததைச் சொல்லிட்டு, ஒரு போலீஸ்காரரே பாத்திருக்காரு, விமானப்படையும் கைவிரிச்சிருச்சு, அதனால வந்தது வேற்றுகிரகவாசிதான்னு முடிச்சிருந்தீங்க. அந்தக் கடைசித் தாவலைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

அந்தப் போலீஸ்காரர் லானி ஸமோராவை நானும் நம்புறேன். ஏப்ரல் 24 சாயங்காலம் ஸ்பீடா போன ஒரு காரைத் துரத்திட்டு இருந்தவருக்கு திடீர்னு பெரிய சத்தம், வானத்துல நெருப்பு, அந்தப் பக்கம் டைனமைட் வச்சிருந்த கொட்டகை வெடிச்சிருச்சோன்னு வண்டியத் திருப்பினாரு, பள்ளத்துல வெள்ளையா ஏதோ கிடக்க, முதல்ல கார்தான் கவுந்து கிடக்குன்னு நெனச்சாரு. கதை கட்டுறவன் இப்படியா ஆரம்பிப்பான்? பக்கத்துல வெள்ளை உடுப்புல ரெண்டு சின்ன உருவம் நின்னுச்சாம். கிட்டப் போனதும் அந்த வெள்ளைப் பொருள் நெருப்பக் கக்கிட்டு மேல எழும்ப, மனுஷன் பயந்து ஓடினதுல மூக்குக்கண்ணாடி விழுந்துருச்சு. இந்தக் கண்ணாடி விஷயத்தை உங்க கட்டுரைல காணோம்.

அங்க வந்த இன்னொரு போலீஸ்காரர் கருகின செடியையும் தரைல நாலு பள்ளத்தையும் பாத்திருக்காரு. பறக்கும் தட்டு தகவல்களை விசாரிச்ச விமானப்படையோட புளூ புக் பிரிவுக்கு ஆலோசகரா இருந்த வானியல் பேராசிரியர் ஹைனெக் நேர்லயே போய் விசாரிச்சாரு. மண்ணை லேப்ல சோதிச்சாங்க, செடியையும் சோதிச்சாங்க, எரிபொருள் மிச்சம் எதுவும் இல்ல, கதிர்வீச்சும் சாதாரண அளவுதான். புளூ புக் தலைவர் குவின்டனில்லா ராணுவ ஹெலிகாப்டரா, நிலாவுல இறக்க செஞ்ச சோதனை வண்டியான்னு எல்லாம் தேடிப் பாத்து ஒன்னும் சிக்கல. அப்புறமும் ஸமோரா நேர்மையானவர், அவர் எதையோ பாத்தது உண்மைன்னு எழுதினாரே தவிர வேற கிரகத்துல இருந்து வந்துச்சுன்னு எழுதல. பதில் கிடைக்காத கேஸை கிடைக்காததாவே ஃபைல்ல விட்டுட்டாரு, அதுக்கே எனக்கு அந்த ஆள் மேல மரியாதை.

1947ல இருந்து 1969 வரைக்கும் புளூ புக் கணக்குல வந்தது 12,618 தகவல், அதுல 701 இப்படி விளக்கம் இல்லாம நின்னுச்சு. 701 தடவையும் ஏலியன் வந்துட்டுப் போச்சுன்னா சொல்லுவீங்க?

இன்னொன்னும் விட்டுட்டீங்க. அந்த ஊர் இன்ஜினியரிங் காலேஜோட தலைவரா இருந்த இயற்பியலாளர் ஸ்டிர்லிங் கோல்கேட், இது ஒரு மாணவன் செஞ்ச ஏமாத்து வேலைன்னு நோபல் விஞ்ஞானி லைனஸ் பாலிங்குக்கு எழுதியிருக்காரு. அதுவும் நிரூபணம் ஆகல, எனக்கே முழுசா நம்பிக்கை இல்ல, ஆனா வாசகனுக்குச் சொல்லணும்ல? தொடரோட அடுத்த பகுதி வரப்போகுதுன்னு போட்டிருக்கீங்க, அதுல இதையும் கண்ணாடி விழுந்ததையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி