லிக்ட்ஸ்டைனர் கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சுவிஸ் கால்பந்து வீரர் ஸ்டெஃபான் லிக்ட்ஸ்டைனர் பற்றிய கட்டுரை ஒருவழியாக முடிந்தது. சுவிட்சர்லாந்துக்காக 108 ஆட்டங்கள், இத்தாலியின் யுவெண்டஸ் அணியில் தொடர்ந்து 7 லீக் பட்டங்கள் என்று கணக்கு எழுத நான் ஒருவனே போதும். மற்றதெல்லாம் உங்கள் தயவு.

முதல் நன்றி எங்கள் ஊர் கோச் அண்ணனுக்கு. சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, களைப்போடு என் வீட்டுக்கு வந்து பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். "பந்தை விடு தம்பி, அந்த ஆளைப் பாரு" என்பார். அப்போதைய யுவெண்டஸ் பயிற்சியாளர் கோன்டேயின் 3-5-2 அமைப்பில் (பின்னால் 3, நடுவில் 5, முன்னால் 2 பேர்) வலது ஓரம் முழுக்க லிக்ட்ஸ்டைனர் பொறுப்பு. மேலே ஓடுவார், பந்து வராது, திரும்பி ஓடி வருவார், மறுபடி கிளம்புவார். டிவியில் சாதாரணமாகப் பார்த்தால் இதில் பாதி கண்ணிலேயே படாது. 2011 செப்டம்பர் 11, யுவெண்டஸின் புது மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், எதிரணி பார்மா. நடுக்கள வீரர் பிர்லோ தூக்கிப் போட்ட பந்தை வலைக்குள் தள்ளி, அங்கே முதல் லீக் கோலை அடித்தது இந்த டிஃபெண்டர்தான். அந்தப் பாஸின் அழகைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அந்த ஓட்டத்தை எனக்குக் காட்டியவர் அண்ணன்.

அடுத்து டாக்டர் அக்கா. 2015 செப்டம்பரில் ஃப்ரோசினோனே என்ற இத்தாலிய அணியுடன் ஆடும்போது லிக்ட்ஸ்டைனருக்கு மூச்சுவிடச் சிரமமாகி, இடைவேளையோடு வெளியே வந்தார். இதயத் துடிப்பின் சீரில் கோளாறு என்று தெரிந்து சிகிச்சை நடந்தது. இதயத்துக்குள் மின் துடிப்பு தவறான தடத்தில் சுற்றினால், தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை அனுப்பி அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள் என்று அக்கா ஒரு காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். நவம்பர் 3-ஆம் தேதி ஜெர்மனியின் மன்ஷென்கிளாட்பாக்கில், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அதில் இவர் கோல் போட்டார்! படத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கோலின் எடை எனக்குப் புரிந்தது.

லூசெர்ன் பக்கம் இருக்கும் சித்தி மகனுக்கும் நன்றி. ஜெர்மன் செய்திகளைப் படித்துத் தமிழில் சொன்னவன் அவன்தான். லிக்ட்ஸ்டைனர் பிறந்த அட்லிகென்ஸ்வில் லூசெர்னை ஒட்டியே இருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு ஜூரிச்சில் ஒரு கடிகார நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார் என்ற விஷயமும் அவன் கொடுத்ததே. அத்தனை வருடம் ஓடிய மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து திருகாணி முடுக்குவதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

வரைவைப் படித்த இரண்டு நண்பர்களும் 2014 உலகக் கோப்பைப் பகுதியை வைத்துச் சண்டையே போட்டார்கள். அர்ஜென்டினாவுடன் 118-வது நிமிடம். அர்ஜென்டினாவின் பலாசியோ லிக்ட்ஸ்டைனரிடமிருந்து பந்தைப் பறிக்க, அது மெஸ்ஸியிடம் போய், டி மரியா கோலடிக்க, சுவிஸ் வெளியேறியது. அதை எழுதாதே என்றார் ஒருவர், எழுதாவிட்டால் படிக்கவே மாட்டேன் என்றார் மற்றவர். எழுதினேன். செர்பியாவை வென்ற 2018 ஆட்டத்தில் அல்பேனிய வம்சாவளியினரான ஷக்கா, ஷகிரியோடு சேர்ந்து கேப்டனான இவரும் கைகளால் அல்பேனியக் கொடியின் கழுகுச் சின்னம் காட்டி 5,000 ஃபிராங்க் அபராதம் கட்டிய கதையும் அப்படியே இருக்கிறது. சக வீரர்களுக்காகச் செய்தார், அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை, சரி.

அச்சுப் பிரதிகள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்துவிடும். கோச் அண்ணன் பையன்களுக்கென்று கேட்டதைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

அன்புடன்,
கட்டுரையாளன்